ஏழு மணி வெயிலும் ஒன்பது நாள் கட்டிலும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'நம் குமரி மாவட்டத்தில் வெயிலுக்கா பஞ்சம்? வயதானவர்கள் காலை ஏழு மணி இளவெயிலில் பத்து நிமிடம் உட்கார்ந்தாலே வைட்டமின் டி கிடைத்துவிடும்' என்று சென்ற இதழ் மருத்துவப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். வாசித்து இரண்டு நாளாகியும் மனசு ஆறவில்லை.

என் அம்மாவுக்கு 76 வயது. குளச்சல் கடற்கரையில் சாளையும் அயிலையும் ஏலத்தில் எடுத்து, கடவத்தைத் தலையில் சுமந்து திங்கள்சந்தை வரை நடந்து விற்றவர். அவர் பார்க்காத வெயிலா? முட்டுவலி வந்து நாலு வருஷமாக வீட்டுக்குள்ளேயே இருந்தார். போன ஆடியில் காய்ச்சலோடு ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். இரத்தத்தில் வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 9 நானோகிராம்தான் இருந்தது. 20க்குக் கீழே போனாலே குறைவு. வயதாக ஆக, அதே வெயிலில் நின்றாலும் தோல் உண்டாக்கும் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். அதற்கு வேண்டிய கதிர் உச்சிவேளையை ஒட்டித்தான் நன்றாகக் கிடைக்கும், ஏழு மணிக்கு மிகக் குறைவு, கண்ணாடியைத் தாண்டியும் வராது. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. அம்மாவின் கட்டிலும் கண்ணாடிச் சன்னலோரம்தான் கிடந்தது.

வெயில் போகட்டும். என் கையைப் பிடித்து நடந்து வந்தவரை, 'விழுந்திடுவாங்க' என்று சொல்லிக் கட்டிலின் இரண்டு பக்கக் கம்பியையும் தூக்கி மாட்டினார்கள். கக்கூசுக்குப் போகிறேன் என்றவருக்கு டயப்பர் கட்டினார்கள். காய்ச்சல் மூன்றாம் நாளே விட்டுவிட்டது. ஆனாலும் ஒன்பது நாள் அப்படியே படுக்கை. வந்த அன்று கழற்றிய செருப்பு கட்டிலுக்கு அடியில் போட்டது போட்டபடி கிடந்தது. வீட்டுக்குக் கிளம்பும்போது அதை மாட்டி நிறுத்தினால் கால் நடுங்குகிறது, தொடை துவண்டு கிடக்கிறது. நல்ல ஆரோக்கியமான முதியவர்களையே பத்து நாள் படுக்கவைத்துப் பார்த்த ஆய்வில், கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருக்கிறது. நோயில் கிடந்தவர் எங்கே தாங்குவார்?

வாரம் ஒன்று பாலில் கலக்கிக் குடிக்க 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட் கொடுத்தனுப்பினார்கள். சரி, அதுவும் வேண்டும்தான். இரண்டு வேளை வராந்தாவில் நடக்க வையுங்கள் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லையே! முன்பு அப்பா இடுப்பெலும்பு முறிந்து கிடந்தபோதும் இதே கதைதான். அப்போதும் தங்களுக்கு எழுதினேன், பதிலே இல்லை.

நாலு மாதமாகிறது. அம்மா இன்னும் வாக்கரைப் பிடித்து அடுக்களை வாசல் வரைதான் வருகிறார்.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், அந்த ஏழு மணியைத் திருத்துங்கள். மருத்துவர் தடுக்காத பட்சத்தில் வயதான நோயாளியைத் தினமும் கட்டிலை விட்டு இறக்கி நடக்க வைக்க வேண்டும் என்று கூடவே இரண்டு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குளச்சல்