வீரன் கணக்கில் நின்ற 66 திராக்மா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரோமானியரின் அன்றாட வாழ்வைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், ‘படைவீரர்களுக்கு உப்பையே சம்பளமாக அளந்தார்கள்’ என்ற வரியைக் கண்டதும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தேன். வரி மாறவில்லை.

தூத்துக்குடிப் பக்கம் ஓர் உப்பளத்தில் 31 ஆண்டுகள் கணக்கராக இருந்து, சனிக்கிழமைதோறும் கூலி பட்டுவாடா செய்தவன் நான். உப்புக் குவியலுக்கு நடுவே நின்று உழைத்தவர்களில் ஒருவர்கூடக் கூலிக்குப் பதிலாக உப்பைக் கேட்டதில்லை. முன்பணத்துக்கும் ரப்பர் காலணிக்கும் பிடித்தது போக மீதி எவ்வளவு என்றுதான் கேட்டார்கள்.

ரோம வீரனும் அதைத்தான் கேட்டிருப்பான். முதல் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில், லீஜியன் என்ற படைப்பிரிவின் வீரனுக்கு ஆண்டுக்கு 225 தெனாரியஸ் என்ற வெள்ளி நாணயம் ஊதியம். மூன்று தவணை, நாணயக் கணக்கு. எகிப்தில் கிடைத்த, கி.பி. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த பாப்பிரஸ் (நாணல் தாள்) கணக்கு ஒன்றில், ஒரு வீரனின் தவணை, அங்கே புழங்கிய நாணயத்தில் 248 திராக்மா என்று வரவு வைத்து, வைக்கோலுக்கு 10, சாப்பாட்டுக்கு 80, காலணிக்கும் கால்பட்டைக்கும் 12, முகாமின் சாட்டர்னேலியா விழாவுக்கு 20, உடைக்கு 60 என்று கழித்திருக்கிறார்கள். கணக்கில் மீதி நின்றது 66. திருவிழா வரி உட்பட நான் எழுதிய பேரேடு மாதிரியே இருக்கிறது, உப்பைத்தான் காணோம்.

ஊதியத்தைக் குறிக்கும் ‘சலாரியம்’ என்ற லத்தீன் சொல்லை உப்போடு தொடர்புபடுத்தி ரோம எழுத்தாளர் மூத்த பிளினி எழுதியது உண்மை. சம்பளமாக உப்பைக் கொடுத்தார்கள் என்று அவர் எழுதவில்லை. ரோமானியர் உப்பை அளந்தது பண்ணை அடிமைகளுக்கு. ஆளுக்கு ஆண்டுக்கு ஒரு மோடியஸ், அதாவது ஏறக்குறைய 8.7 லிட்டர், போதும் என்று ரோம அரசியல்வாதி மூத்த கேட்டோ தம் வேளாண்மை நூலில் கணக்கே சொல்லியிருக்கிறார். தங்கள் கட்டுரையாளருக்கு அடிமையும் வீரனும் ஒன்றுதான் போலும். சம்பா நெல்லும் அளம் என்ற உப்பும் சேர்ந்ததே சம்பளம் என்ற நம்மூர்க் கதையையும் துணைக்கு அழைத்திருக்கிறார். அந்த வழக்கைத் தமிழறிஞர்களிடம் விட்டுவிடுகிறேன்.

இது முதல் முறையும் அல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ‘வாமிட்டோரியம்’ என்றால் விருந்தினர் வாந்தியெடுக்கும் அறை என்று எழுதினீர்கள். அது அரங்குகளில் கூட்டம் வந்துபோகும் வழி என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். தாங்கள் அறியாததா? ஆனாலும் கடிதம் வெளிவரவில்லை. அடுத்த மாதம், சமையல் குறிப்பைப் பாராட்டிய வேறு யாரோ ஒருவரின் கடிதத்துக்குக் கீழே என் பெயர் வந்திருந்தது. அப்போதும் பொறுத்துக்கொண்டேன்.

இந்த முறை என் பேத்தி தங்கள் வரியைப் பள்ளிப் பேச்சுப் போட்டியில் ஒப்பித்து எவர்சில்வர் டம்ளர் வாங்கி வந்துவிட்டாள். தாத்தா சொல்வது தவறு, புத்தகத்திலேயே போட்டிருக்கிறது என்கிறாள்.

இரண்டு வரித் திருத்தம் போதும். கட்டுரை வந்த பக்கத்தில் இடமில்லையென்றால் இராசிபலனுக்குக் கீழேயாவது வெளியிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உப்பளக் கணக்கர்,
தூத்துக்குடி.