புத்தகப் பட்டியல்: வாங்குவதற்கு முன் மகளுக்கு

அன்புள்ள அம்மு,

நீ அனுப்பிய பட்டியல் கிடைத்தது. ஐந்து பாடம், ஏழு புத்தகம், ஏழுக்கும் எதிரில் ‘கட்டாயம்’ என்று போட்டிருக்கிறது. பணத்தை நினைத்துத் தயங்காதே, வேண்டியதை வாங்கித்தான் ஆகணும். ஆனால் முதல் வகுப்பு முடிகிற வரைக்கும் ஒன்றையும் வாங்கிவிடாதே.

ஏனென்றால் அந்தக் ‘கட்டாயம்’ ஏழு இடத்திலும் ஒரே பொருளில் இல்லை. ஒரு பாடத்தில் வீட்டுப்பாடக் கணக்கு நேரே அந்தப் புத்தகத்திலிருந்து வரும். இன்னொன்றில் புத்தகமே தேவைப்படாது, அதோடு வருகிற ஆக்ஸஸ் கோடு, அதாவது தளத்துக்குள் நுழைய விடும் ரகசியக் குறியீடு, இல்லாமல் இணையத்தில் வீட்டுப்பாடம் திறக்காது. சிலதில் வாரம் ஒரு அத்தியாயம் படித்துவிட்டு வந்தால் போதும். பட்டியலை யாரும் திருத்தாததால் பல வருஷமாக அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும் புத்தகமும் உண்டு. எது எந்த வகை என்று தெரிந்துவிட்டால் பாதிச் செலவு அங்கேயே நின்றுவிடும்.

அதனால் ஒவ்வொரு பேராசிரியருக்கும் இன்றே ஒரு சின்ன மின்னஞ்சல் போடு. முந்தைய பதிப்பை வைத்துப் படிக்கலாமா, வீட்டுப்பாடம் புத்தகத்திலிருந்து வருமா இணையதளத்திலிருந்து வருமா, நூலகத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒதுக்கி வைக்கும் ரிசர்வ் பிரதி இருக்கிறதா என்ற மூன்று கேள்வி போதும். “புத்தகம் இல்லாமல் சமாளிக்க முடியுமா” என்று மட்டும் கேட்காதே. அதற்கு ‘முடியாது’ என்றுதான் பதில் வரும்.

அடுத்து ஐ.எஸ்.பி.என்., அதாவது புத்தகத்தை அடையாளம் காட்டும் எண். புத்தகத்தின் பெயரை வைத்துத் தேடாதே, எண்ணை வைத்துத் தேடு. 2007 ஜனவரியிலிருந்து அது 13 இலக்கம், அதற்கு முன்பு 10. பழைய பிரதியில் 10 இலக்கம் இருந்தால் முன்னால் 978 சேர்த்தால் மட்டும் சரியாகாது. கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம் என்பதால் அதுவும் மாறும். 0-306-40615-2 என்று அச்சிட்டிருந்த எண் இப்போது 978-0-306-40615-7. ஒரே பாடநூலுக்குக் கெட்டி அட்டைக்கு ஓர் எண், சாதா அட்டைக்கு ஓர் எண், மின்னூலுக்கு ஓர் எண், கோடோடு சேர்த்துக் கட்டிய பொட்டலத்துக்கு வேறொரு எண் இருக்கும். பட்டியலில் பெரும்பாலும் அந்தப் பொட்டலத்தின் எண்ணைத்தான் கொடுத்திருப்பார்கள். அதை அப்படியே தேடினால் விலை கூடியது மட்டுமே கண்ணில் படும். தலைப்புப் பக்கத்தைத் திருப்பினால் பின்னால் பதிப்புரிமைப் பக்கம் இருக்கும். எத்தனையாவது பதிப்பு, எந்த வருஷம், எந்த எண் என்று அதில் இருப்பதைப் பார்த்து, தனிப் புத்தகத்தின் எண்ணைக் குறித்துக்கொள்.

உன் கால்குலஸ் புத்தகத்துக்கு முந்தைய பதிப்பு தாராளமாகப் போதும். வகையிடலும் தொகையிடலும் பதிப்புக்குப் பதிப்பு மாறப்போவதில்லை. மாறுவது கணக்குகளின் எண்தான். புதுப் பதிப்பில் 3.4-ஆம் பிரிவில் 27-ஆவது கணக்கு, பழையதில் 31-ஆக இருக்கும், அல்லது அதே கணக்கில் எண்களை மட்டும் மாற்றியிருப்பார்கள். இது தெரியாமல் பழைய புத்தகத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுக் கொடுத்து, அத்தனையும் தப்பு என்று மதிப்பெண் போவதுதான் இதில் நடக்கிற விபத்து. அதற்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் வீட்டுப்பாடம் கொடுத்ததும், நூலகத்திலோ தோழியிடமோ இருக்கும் புதுப் பதிப்பில் அந்த வாரக் கணக்குகள் இருக்கிற பக்கத்தை மட்டும் பார்த்து நோட்டில் எழுதிக்கொள். பாடத்தை உன் பழைய புத்தகத்தில் படி. வாங்கும் முன் இரண்டு பதிப்பின் பொருளடக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். அத்தியாய வரிசை மாறியிருந்தால் புதுசின் எண்ணுக்கு எதிரே பழசின் எண்ணை அட்டைக்குள் எழுதி வைத்துக்கொள்.

வரி, சட்டம், கணக்கியல் தரநிலை, மருந்தளவு, மென்பொருள் போன்ற பாடங்களுக்கு இது செல்லாது. அங்கே பழைய பதிப்பு சொல்வது தப்பாகவே போயிருக்கலாம். அவற்றுக்குப் புதியதையே எடு.

வேறு நாடுகளில் விற்பதற்கென்று அச்சிட்ட பதிப்பு மலிவாகக் கிடைக்கும். உள்ளடக்கம் பெரும்பாலும் அதேதான். ஆனால் சிலதில் பயிற்சிகளின் வரிசையையும் அலகுகளையும் மாற்றியிருப்பார்கள், எனவே அதற்கும் இதே ஒப்பீடு வேண்டும். பைண்டிங் இல்லாமல் துளை போட்ட தாளாக விற்பதை வாங்கும்போதே ஒன்று நினைவில் வை: திருப்பி விற்க முடியாது என்றே எடுத்துக்கொள்ளலாம். ஒரு தாள் காணாமல் போனாலும் யாரும் வாங்க மாட்டார்கள்.

இனி வேதியியல். எனக்குக் கவலையாக இருப்பது இதுதான், ஏனென்றால் இதில் கோடு இருக்கிறது. கோடு ஒரு தடவைதான் செல்லும். பழைய புத்தகத்தின் உள்ளே கோடு அச்சிட்ட, இன்னும் சுரண்டாத அட்டை இருந்தாலும் அதை நம்பாதே, பழைய பதிப்புக்கான கோடு புதிய வகுப்பில் ஏறாமல் போகலாம். இணையத்தில் முன்பின் தெரியாதவர் ‘கோடு மட்டும்’ என்று பாதி விலைக்கு விற்றால் விலகிவிடு. ஏற்கெனவே பயன்படுத்தியது என்று தெரிய வரும்போது பணம் போயிருக்கும். பதிப்பகத்தின் தளத்திலேயே கோடு மட்டும் தனியாக வாங்கலாமா என்று பார். பல சமயம் அதோடு மின்னூலும் சேர்ந்தே வரும், அப்போது அச்சுப் புத்தகத்துக்குத் தனியாகக் கொடுப்பது வீண். பல தளங்களில் பணம் கட்டும் முன் சில நாள் தற்காலிக அனுமதி உண்டு. உன் வகுப்புத் தளத்தில் அது எத்தனை நாள் என்று பார்த்து, வகுப்பை விடப்போவதில்லை என்று உறுதியான பிறகு, கெடுவுக்கு முன்தினம் கட்டு. அனுமதி முடிந்தாலும் நீ செய்த வேலை அழியாமல் இருக்குமா என்பதையும் அதே இடத்தில் படித்துக்கொள். கோடு ஒரு பருவத்துக்கா, பல பருவத்துக்கா என்று பார்ப்பதும் முக்கியம். வேதியியல் இரண்டு பருவமும் ஒரே புத்தகம் என்றால், நீண்ட காலக் கோடு ஒன்று இரண்டு குறுகியவற்றைவிட மலிவாக இருக்கலாம்.

சில கல்லூரிகளில் மின்னூலின் விலையை உன்னைக் கேட்காமலே கட்டணத்தோடு சேர்த்துவிடுவார்கள். விலக்கிக்கொள்ள ஒரு கடைசித் தேதி இருக்கும், அது பருவத்தின் தொடக்கத்திலேயே வந்துபோய்விடும். கட்டண ரசீதை வரிவரியாகப் பார். விலகும் முன் அந்தப் பாடத்தின் வீட்டுப்பாடமும் அதே தளத்துக்குள் இருக்கிறதா என்று கேள். இருந்தால் விலகியதும் அதுவும் பூட்டிக்கொள்ளும், பிறகு தனியாக வாங்கும் விலை கூடுதலாகக்கூட வரலாம். இல்லையென்றால் உடனே விலகு.

நூலக விஷயத்தில் நீ கூச்சப்படுவாய் என்று தெரியும், கூச்சப்படாதே. ரிசர்வ் பிரதி பெரும்பாலும் சில மணி நேரத்துக்குத்தான் தருவார்கள். மூடும் நேரத்தை ஒட்டி எடுத்தால் மறுநாள் காலை வரை வைத்துக்கொள்ள விடும் நூலகங்கள் உண்டு, உங்கள் விதி என்ன என்று மேசையில் கேள். மின்னூலாக இருந்தால் எத்தனை பேர் ஒரே நேரத்தில் திறக்கலாம் என்ற லைசென்ஸ் கணக்கு இருக்கும். ஒருவருக்கு மட்டும் என்றால் தேர்வுக்கு முந்தின இரவு உனக்குக் கிடைக்காது, ஆகவே வாரத்தின் நடுவிலேயே படித்துவிடு. முடித்ததும் முறையாக வெளியேறு. தாவலை மட்டும் மூடினால் சில தளங்களில் உன் இடம் கொஞ்ச நேரம் பூட்டியே இருக்கும். இடம் கிடைக்காமல் திரும்புகிறவர்கள் வாய்விட்டுச் சொன்னால்தான் நூலகர் கூடுதல் லைசென்ஸ் கேட்க முடியும்.

திறந்த பாடநூல்களையும் பார். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் 2012 முதல் பாடநூல்களை இலவசமாக வெளியிடுகிறது. கால்குலஸ் மூன்று தொகுதி, வேதியியல், புள்ளியியல், பொருளாதாரம் எல்லாம் பி.டி.எஃப். ஆகவே கிடைக்கும். வேதியியலுக்கு லிப்ரெடெக்ஸ்ட்ஸ் என்ற இலவசப் பாடநூல் தளமும் நல்லது. எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் ஓப்பன்கோர்ஸ்வேர் என்ற இலவசத் தளத்தில் பல பாடங்களுக்கு விடையோடு பயிற்சித்தாள்கள் இருக்கின்றன, கால்குலஸுக்கு அதையே பயிற்சி நூலாக வைத்துக்கொள்ளலாம். உன் பேராசிரியர் சொன்ன புத்தகத்துக்கு இவை அப்படியே மாற்றாகாது, ஆனால் படித்து மட்டும் வரச் சொன்ன பாடங்களுக்குப் போதும். இவற்றை அச்செடுக்க உரிமமே அனுமதிக்கிறது. முழுப் புத்தகத்தையும் எடுக்காதே, பாடத்திட்டத்தில் வரும் அத்தியாயங்களை மட்டும் இருபக்க அச்சாக எடுத்து ஸ்பைரல் போட்டுக்கொள்.

திருட்டு பி.டி.எஃப். வேண்டாம் அம்மு. அது சரியில்லை என்பதோடு, பக்கம் விடுபட்டிருக்கும், பதிப்பு வேறாக இருக்கும், கணினிக்கு வைரஸும் வரும்.

வாடகைக்கு எடுப்பதானால் திருப்பிக் கொடுக்கும் தேதி கடைசித் தேர்வுக்குப் பிறகு வருகிறதா என்று மட்டும் கட்டாயம் பார். புத்தகத்தைப் பார்த்து எழுதும் தேர்வில் மடிக்கணினி கூடாது என்றால் மின்னூல் உதவாது, அதையும் முன்கூட்டியே கேள்.

புள்ளியியல் புத்தகத்தின் பொருளடக்கத்தைப் படமெடுத்து அனுப்பு, பழைய பதிப்போடு நான் ஒப்பிட்டுச் சொல்கிறேன். வேதியியலில் தற்காலிக அனுமதி எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும் எழுது. அந்தப் பணத்தை இரண்டு நாள் முன்னதாகவே உன் கணக்கில் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா