முட்டத்தில் வலை தைத்துக்கொண்டிருந்த ஐயாவுக்கு

போன மே மாதம். முட்டத்தில் படகு பேசி, கடலுக்குள் தெரியும் ஒரு பாறைத்தீவுக்கு ஸ்நோர்கெலிங் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) கிளம்பினோம். மாஸ்க், புளிசோறு எல்லாம் தயார். காற்றே இல்லை, கடல் குளம் மாதிரி கிடந்தது.

யாரும் கேட்காமலே எழுந்து வந்து, "மக்களே, இன்னைக்கு வேண்டாம், கள்ளக்கடல்" என்றீர்கள். தெற்கே வெகுதூரத்தில் எழும்பும் அலை, இங்கே காற்று அசையாமலே கரையேறும் என்று சொல்லி, வலை ஊசியால் ஈர மணலில் ஒரு கோடு கிழித்தீர்கள். பத்தே நிமிடம். கோட்டைத் தாண்டி வந்த தண்ணீர் என் செருப்பையும் கொண்டுபோனது.

அப்புறம் படகுக்காரரிடம் பேசி அட்வான்ஸ் 2,000 ரூபாயையும் வாங்கித் தந்தீர்கள். (அதைத்தான் வீட்டில் யாரும் நம்பவில்லை!)

ஐயா, பதற்றத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ரொம்ப நன்றி. நீங்கள் சொன்னபடியே மார்கழி கழிந்து வருகிறோம்.