மூன்று கீல் பின் கேட்டோம், மூடியே ஆடுகிறது

கொடைக்கானல்

சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

பொருள்: 274 செ.மீ. கச்சேரி பியானோவின் மூடிக் கீல் பின்கள், உறை – நான்காவது புகார்

ஐயா,

வணக்கம். முந்தைய மூன்று கடிதத்துக்கும் "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே பதில்தான் வந்தது.

இரண்டு பியானோவை எதிரெதிரே போட்டால் ஒன்றின் மூடி சபைக்குப் புறம்காட்டித் திறக்கும். கீல்களைக் கோத்திருக்கும் பின்களை (உலோகக் குச்சிகளை) உருவி, அந்த மூடியைக் கழற்றியே தீர வேண்டும். பியானோ விற்பவருக்கு இதையும் நான் சொல்ல வேண்டுமா? உங்கள் தொலைபேசிப் பெண்மணி, "அடிக்கடி மூடியைக் கழட்ட அது என்ன குக்கரா சார்?" என்றார். பின்னால் யாரோ சிரித்ததும் கேட்டது.

நீங்கள் அனுப்பிய பின்கள் பழையதைவிடக் கால் மில்லிமீட்டர் தடிமன். உங்கள் ஆள் இரண்டைச் சுத்தியலால் தட்டி இறக்கினார். மூன்றாவது இறங்கவே இல்லை. நடுக்கீலின் திருகுகள் மரத்தில் பிடிப்பு விட்டுவிட்டன. அதற்கு அவர் பார்த்த வைத்தியம், இன்னும் நீளமான திருகு! துளையில் கடினமரக் குச்சியைப் பசையோடு அடைத்து, காய்ந்தபின் புதுத் துளை போட்டு, பழைய அளவுத் திருகையே அல்லவா முடுக்க வேண்டும்? இப்போது முட்டுக்கோல் கொடுத்து நிறுத்தினால் மூடி ஒரு விரற்கடை நகர்கிறது. பியானோவே பாழ் என்றுதான் சொல்வேன்.

பின்னை உருவும்போது ஒருவர் மூடியின் கீல் பக்கத்து விளிம்பை மயிரிழை தூக்கிப் பிடித்தால் பாரம் விலகி, பின் விரலோடு வந்துவிடும். உங்கள் ஆளோ குறடு போட்டு இழுத்தார். கறுப்பு பாலிஷில் மூன்று கீறல். கழற்றிய மூடியை வளைந்த பக்கம் கீழாகச் சுவரில் சாய்த்தார். மூடியின் மடங்கும் முன்பகுதியான முன்மடல் தானே திறந்து முனை சில்லு பெயர்ந்தது. மடலைப் பட்டையால் கட்டி, நேர் விளிம்பைக் கம்பளிமேல் ஊன்ற வேண்டும் என்பது சுமைதூக்குகிறவருக்குக்கூடத் தெரியும்.

பின்னை மாற்ற மதுரைக் கிளைக்கு வரச் சொன்னீர்களே! மலை இறங்கி ஏற இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். ஷட்டரில் "இன்று ஸ்டாக் கணக்கெடுப்பு" என்று சீட்டு.

உறையும் தப்பு. பஞ்சு தைத்த மூடி உறை கேட்டால் ரெக்சின் வந்திருக்கிறது. இங்குள்ள மூடுபனிக்கு அது உள்ளே வேர்க்கும்.

தயவுசெய்து 15 நாளில் சரியான பின்கள் இரண்டு செட், திருகுத்துளைப் பழுது, பஞ்சு உறை மூன்றையும் முடித்துத் தாருங்கள். இல்லையேல் திண்டுக்கல் நுகர்வோர் ஆணையத்தில் சந்திப்போம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். உங்கள் வாசலுக்கு இன்னொரு முறை வர மாட்டேன்.

அளவுக்கென்று உங்கள் ஆள் எடுத்துப்போன பழைய பின்னையும் திருப்பி அனுப்புங்கள். அந்தக் கீலில் இப்போது ஒரு கம்பி ஆணி நிற்கிறது.

இப்படிக்கு,
அரங்கப் பொறுப்பாளர்