பிரித்த வண்டியை ஒரு ராத்திரி வைக்க ஓர் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொந்தமாக மோட்டார் சைக்கிளைப் பழுதுபார்த்துக்கொள்ளும் எங்களைப் போன்றவர்களுக்கு நம் சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) குடியிருப்புப் பேட்டைகளில் ஓர் இடம் ஒதுக்கித் தர வேண்டும் என்று கேட்டு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். ஒரு கூரையும் நாலு ஸ்பேனரும் மட்டும் போதாது. பிரித்துப்போட்ட வண்டியை அங்கேயே பூட்டி வைத்துவிட்டு, மறுநாள் வந்து வேலையைத் தொடர முடிய வேண்டும். என் கோரிக்கையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

நான் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். வீடு ஈசூனில். விடிகாலை ஷிப்ட் என்றால் முதல் ரயிலை நம்பிப் பயனில்லை. என் ஹோண்டா வேவ் 125தான் என்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. எஞ்சின் ஆயில், செயின், ஸ்பார்க் பிளக், பின் சக்கர பிரேக் ஷூ எல்லாம் நானே மாற்றுவேன். காக்கி புக்கிட்டில் பட்டறை வைத்திருந்த ஒரு சீன அங்கிள் பக்கத்தில் நின்று, அவர் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. எங்கள் புளோக்கில் டெலிவரி ஓட்டும் பிள்ளைகளுக்கு இது தெரியும். வண்டியில் ஏதாவது என்றால், “அக்கா, கொஞ்சம் வந்து பாருங்களேன்” என்று கதவைத் தட்டுவார்கள்.

அப்படி ஒரு ஞாயிறு சாயங்காலம் வந்தான் கீழ்மாடித் தம்பி. முன் பிரேக் ஆயிலை மாற்றப் போனவன். இருபது நிமிட வேலை என்று ஏதோ காணொளியில் சொன்னார்களாம். ஹேண்டில்பாரில் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியை இரண்டு சின்ன ஸ்குரூ பிடித்துக்கொண்டிருக்கும். அதில் ஒன்று கழன்றுவிட்டது. மற்றதன் தலை மழுங்கிப்போய், ஸ்குரூ டிரைவர் எந்தப் பக்கம் வைத்தாலும் வழுக்கியது. நான் போய்ப் பார்த்தபோது அந்தத் தலையில் கூட்டல் குறி இருந்த இடத்தில் பளபளவென்று ஒரு வட்டக் குழிதான் மிச்சம்.

இதில் அந்தப் பையன் மேல் ஒரு தப்பும் சொல்ல மாட்டேன். ஜப்பானிய வண்டிகளில் பல ஸ்குரூக்கள் ஜேஐஎஸ் எனப்படும் ஜப்பானியத் தர அளவில் செய்யப்பட்டவை. பார்வைக்கு நாம் கடையில் வாங்கும் பிலிப்ஸ் எனும் கூட்டல் குறி ஸ்குரூ மாதிரியேதான் இருக்கும். ஆனால் பிலிப்ஸ் முனை அந்தக் குழியின் அடிவரை போய் உட்காராது. அழுத்தித் திருப்பினால் மேலே ஏறி வெளியே வந்துவிடும், வரும்போது தலையையும் சுரண்டிக்கொண்டு வரும். பல ஜேஐஎஸ் ஸ்குரூக்களின் தலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும், அதுதான் அடையாளம். இதை யாராவது பக்கத்தில் இருந்து சொன்னால்தான் உண்டு.

அதோடு நம் ஊர்க் காற்று. சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். இரும்பு ஸ்குரூ, அலுமினிய டப்பா, நடுவில் மழைத்தண்ணீர். வருடக்கணக்கில் அப்படியே கிடந்தால் இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம் அரித்துப்போய், மரையில் வெள்ளைப் பொடி பூத்து இறுகிவிடும். சுத்தியலால் பலமாக அடித்தால் மெல்லிய அலுமினியம் பிளந்து, டப்பாவையே மாற்ற வேண்டிவரும். துருப்பிடி விடுவிக்கும் எண்ணெயைச் சொட்டுவிட்டு, சரியான முனையை வைத்து மேலிருந்து லேசாகத் தட்டி, அப்படியே விட்டுவிட வேண்டும். எண்ணெய் மரைக்குள் இறங்க நேரம் வேண்டும். அதற்கு ஒரு ராத்திரி காத்திருப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஆனால் அந்தத் தம்பிக்கு அந்த ராத்திரி இல்லை. வண்டி நின்றதோ அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தில். அங்கே பழுதுபார்க்கக் கூடாது என்பது விதி. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பட்டறைகளும் உதிரிபாகக் கடைகளும் பெரும்பாலும் மூடியிருந்தன. திங்கட்கிழமை ஓட்டாவிட்டால் அவனுக்கு அன்றைய வருமானம் இல்லை. “பரவாயில்லை அக்கா, இருக்கிற ஸ்குரூவை மட்டும் முடுக்கிவிட்டு ஓட்டிக்கொள்கிறேன்” என்றான். பாதி திறந்த பிரேக்கோடு! நான் சாவியை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் நல்ல முனையை வைத்துத் திருப்பியதும் அந்த ஸ்குரூ மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. அதற்கப்புறம் டாட் 4 தரத்தில் புது பிரேக் ஆயில் ஊற்றி, லீவரை அமுக்கிப் பிடித்து, கீழே காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்து மூடி, குழாயில் காற்றுக் குமிழி வருவது அடியோடு நிற்கும்வரை செய்தோம். கையில் லீவர் கல்லாக நின்ற பிறகுதான் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன்.

பிரேக்கைக் கடையில்தான் கொடுக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். தெரியாதவர் தனியாகத் தொடக் கூடாது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. எஞ்சினைத் திறக்கும் வேலை என்றால் நானும் பட்டறைக்குத்தான் போவேன். அந்தக் கைவேலைக்கு உரிய கூலியைக் கொடுக்க எனக்கு மனக்குறை கிடையாது. ஆனால் பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் பொருள். ஈரம் கூடக்கூடச் சூட்டில் சீக்கிரம் கொதித்து, தேவைப்படும் நேரத்தில் பிரேக் கைவிட்டுவிடும். அதனால் சுமார் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். செலவுக்குப் பயந்து மாற்றாமலே ஓட்டுகிறவர்களை நான் தினமும் சாலையில் பார்க்கிறேன். கற்றுக்கொண்டு, அனுபவசாலி ஒருவரின் கண்பார்வையில் செய்வது அதைவிட எவ்வளவோ பத்திரம். ஆபத்து எல்லாம் அவசரத்தில்தான் இருக்கிறது. விதியை மீறி ஒளிந்து செய்கிறவனுக்கும், விடிந்தால் ஷிப்ட் என்கிறவனுக்கும் நிதானம் எங்கிருந்து வரும்?

வண்டிகளுக்கும் வயதாகிக்கொண்டே போகிறது. புது மோட்டார் சைக்கிள் வாங்க ஏலத்தில் எடுக்க வேண்டிய ‘டி’ பிரிவு வாகன உரிமைச் சான்றிதழின் கட்டணம் 2022ல் 10,000 வெள்ளிக்கு மேல் போனது. வண்டியின் விலையைவிடச் சான்றிதழ் அதிகம் என்றால், சாதாரணச் சம்பளக்காரர்கள் இருப்பதைப் பேணித்தான் ஓட்ட வேண்டும். மூன்று வருடம் தாண்டிய மோட்டார் சைக்கிளை ஆண்டுதோறும் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். பழைய வண்டியில் ஒரு போல்ட்டைக் கழற்றப் போனால் இன்னொன்று கையோடு வரும். செயினை மாற்றப் போனவன் பல்சக்கரத்தின் பல் தேய்ந்திருப்பதைக் காண்பான். பின் சக்கரத்தைக் கழற்றினால் பேரிங் கரகரக்கும். அப்படித்தான் ஒரு மணி நேர வேலை ஒரு வாரத்துக்கு இழுக்கிறது.

வாகன நிறுத்துமிடத்தில் பழுதுபார்க்கக் கூடாது என்ற விதியை நான் எதிர்க்கவில்லை. சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. நம் புளோக்குக் கீழே ஓடும் கால்வாயில் சிந்தும் கழிவு ஆயில் குடிநீர்த் தேக்கத்துக்குப் போய்ச் சேரலாம். சாக்கடை ஓரமாகக் கறுப்பு ஆயில் கோடு போட்டுக் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அதற்காகவே சொல்கிறேன்: கழிவு ஆயிலை ஊற்ற ஒரு பீப்பாயும், சிந்தினால் உறிஞ்சிக்கொள்ளும் தரையும் உள்ள இடம் இருந்தால், யாரும் ஆயிலைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பைக் குழாயில் போட வேண்டியிராது.

இப்படி ஓர் ஏற்பாடு நமக்குப் புதிதும் அல்ல. 2014ல் தொடங்கிய ரிப்பேர் கோப்பித்தியாம் திட்டத்தில், மின்விசிறி, ரைஸ் குக்கர் போன்றவற்றைக் குடியிருப்பாளர்களே சரிசெய்யத் தொண்டூழியர்கள் சொல்லிக்கொடுத்து வருகிறார்கள். 2020ல் வீவக அடுக்குமாடி வாகன நிறுத்துமிடங்கள் சிலவற்றின் மேல்தளங்களைக் காய்கறி வளர்க்க ஏலக்குத்தகைக்கு விட்டார்கள். கீரைக்கு இடம் கொடுக்க முடிந்ததே. கூரை போட்ட ஒரு மூலையில் ஆறேழு வண்டிகளுக்குப் பூட்டும் கூண்டு அமைக்க முடியாதா? தொழிற்பேட்டையில் காலியாகக் கிடக்கும் ஓர் அறையானாலும் சரி. ஜேஐஎஸ் முனைகள், போல்ட்டை அளவான விசையில் முடுக்கும் டார்க் ரெஞ்ச், வண்டியை நிமிர்த்தி நிறுத்தும் ஸ்டாண்ட் ஆகியவற்றைப் பொதுவில் வாங்கி வைக்கலாம். அனுபவமுள்ள ஒருவர் இல்லாமல் பிரேக்கைத் தொடக் கூடாது என்று கறாராக விதி போடலாம். பயன்படுத்துகிறவர்கள் கட்டணம் கட்டட்டும், நானும் கட்டுகிறேன்.

மக்கள் கழகம், வீவக, நகர மன்றங்கள் ஆகியவற்றின் அதிகாரிகள் இதைப் படித்தால், முதலில் ஈசூனில் ஒரு சமூக மன்றத்தை ஒட்டிச் சோதித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஓய்வுபெற்ற மெக்கானிக்குகளும் கப்பல் பட்டறை ஃபிட்டர்களும் எங்கள் வட்டாரத்திலேயே இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். ஷிப்ட் இல்லாத சனிக்கிழமைகளில் என் கருவிப் பெட்டியோடு நானும் வந்து நிற்கத் தயார். இதே எண்ணமுள்ள வாசகர்கள் தங்கள் கருத்தையும் இந்தப் பகுதிக்கு எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி