மலைச் சாமைக்கு மலையிலேயே அரவையும் விலையும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறுதானியங்களின் நன்மைகளைப் பற்றி நாளேடுகளில் கட்டுரைகள் தொடர்ந்து வருகின்றன. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகவே கடைப்பிடித்தது. ஆனால் அந்தத் தானியத்தைத் தலைமுறை தலைமுறையாக மானாவாரியில் விளைவித்துவரும் பழங்குடி உழவர்களின் கைக்கு இதனால் என்ன வந்து சேர்ந்தது என்பதை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. ஜவ்வாது மலையில் உள்ள பள்ளி ஒன்றில் பதினோரு ஆண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றியவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் வகுப்பில் படித்த மாணவி ஒருத்தி வாரத்தில் இரண்டு மூன்று நாள் தாமதமாகவே வருவாள். ஒருநாள் கண்டித்தபோது பதில் சொல்லாமல் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். உலக்கை பிடித்துப் பிடித்துக் காய்த்துப் போயிருந்தன. கேழ்வரகையும் கம்பையும் அப்படியே மாவாக்கலாம். சாமை, தினை, வரகு ஆகியவற்றின் மேல் கெட்டியான உமி உண்டு. அதை நீக்கினால்தான் உலையில் போட முடியும். விடியுமுன் தாயும் மகளும் மாறி மாறிக் குத்திப் புடைத்தால் அன்றைய சோற்றுக்கு மட்டும் அரிசி தேறும். விற்பதற்காக மூட்டை மூட்டையாகக் குத்துவது எந்த வீட்டுப் பெண்களாலும் ஆகாத காரியம்.

ஆகவே ஐப்பசியில் அறுத்த சாமை உமியோடே விலைபோகிறது. பாறையிலும் தார்ச்சாலையிலும் போட்டு அடிப்பதால் மண்ணும் கல்லும் கலந்துவிடுகின்றன; சாமை மணி பொடிக்கல்லின் அளவே இருப்பதால் முறத்தால் அவற்றை முழுவதும் பிரிக்க முடிவதில்லை. வாங்க வரும் வியாபாரி அதையே காரணம் காட்டி எடையிலும் விலையிலும் குறைக்கிறார். தமிழகத்து மலைகளில் விளையும் சிறுதானியத்தில் ஒரு பகுதி, இயந்திர அரவைக்குப் பெயர்பெற்ற மகாராஷ்டிர மாநிலம் நாசிக் வரை சென்று, அரிசியாகத் திரும்பி நம் நகரத்துக் கடைகளில் பல மடங்கு விலைக்கு விற்கப்படுகிறது. விளைவித்தவர் பெறுவது அதில் மிகச் சிறிய பங்கே.

வியாபாரியைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆடி மாதத்தில் விதை வாங்கவும் உழவு செய்யவும் முன்பணம் தருபவர் அவர் ஒருவரே என்பதால்தான் அறுவடையும் அவருக்கே போகிறது. வங்கிக்குச் சென்றால் நிலத்துக்குப் பட்டா எங்கே என்கிறார்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை சாகுபடி நிலத்துக்கு உரிமை அளிக்கிறது. ஆயினும் நீதிமன்ற உத்தரவு ஒன்றின் காரணமாகத் தமிழ்நாட்டில் உரிமைச் சான்று வழங்குவது 2016 வரை தடைப்பட்டிருந்தது. அதன்பின் சான்று பெற்றவர்களும் அந்த நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது என்பதைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். விவசாயக் கடனுக்கு ரூ.2 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது என்று 2025 ஜனவரி முதல் ரிசர்வ் வங்கியே விதித்திருக்கும்போது, அடமானத்தைக் காரணமாகச் சொல்வது எப்படிப் பொருந்தும் என்று எனக்கு விளங்கவில்லை.

சாமை கைகொடுக்காத வீட்டு ஆண்கள் கூலி தேடி மலையிறங்குகிறார்கள். காப்பித் தோட்டத்துக்கோ கட்டட வேலைக்கோ போனவர்கள் திரும்பி வந்துவிடுகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லிச் சுட்டுக்கொல்லப்பட்ட 20 பேரில் பலர் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்கள். பழங்குடியினரின் விவசாய வருமானத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தக் குடும்பங்களே என் நினைவுக்கு வருகின்றன.

கேழ்வரகுக்கு மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை நிர்ணயிக்கிறது. 2025-26ஆம் ஆண்டுக்கு அது குவிண்டாலுக்கு ரூ.4,886. சாமைக்கும் தினைக்கும் அப்பட்டியலில் இடமில்லை. மத்திய அரசு சேர்க்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. சத்தீஸ்கர் அரசு 2021இல் வரகுக்கும் சாமைக்கும் தானே விலை நிர்ணயித்து, சிறு வன விளைபொருள் கூட்டுறவு இணையத்தின் வாயிலாகக் கொள்முதலைத் தொடங்கியது. மலைப்பகுதிகளுக்கென்றே பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களை வைத்திருக்கும் தமிழ்நாட்டுக்கு இது இயலாததன்று.

அரவைக்கு இயந்திரம் கொடுத்தாயிற்றே என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். நான் பணியாற்றிய ஊரில் மகளிர் குழுவுக்கு அப்படியோர் இயந்திரம் தரப்பட்டது. அதற்கு வேண்டிய மும்முனை மின்சாரம் அந்த ஊரில் இல்லை. இணைப்பு வந்தபோது ஓர் உதிரிப்பாகம் பழுதாகி, அதைச் சரிசெய்ய ஆளும் கிடைக்கவில்லை. நான் மாற்றலாகி வரும்வரை அது தார்ப்பாய் போர்த்தியே கிடந்தது. கல் பிரிக்கும் கருவி, உமி நீக்கும் கருவி, மும்முனை இணைப்பு, பழுதுபார்க்கப் பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர் இருவர் ஆகிய அனைத்தும் ஒன்றாக வந்தால் மட்டுமே அரவை நிலையம் என்று சொல்ல முடியும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் செலவழித்த பணம் வீணே. மேலும், தவிட்டில் எண்ணெய்ப்பசை இருப்பதால் சாமை அரிசி நெல்லரிசியைப்போல் நீண்ட நாள் தாங்காது, சிக்கடிக்கத் தொடங்கிவிடும். ஆகவே தேவைக்கேற்ப அவ்வப்போது அரைத்து, அருகிலேயே விற்பதுதான் ஏற்றது.

அருகில் வாங்குவோர் இல்லாமலும் இல்லை. மலையில் உள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் நாள்தோறும் அடுப்பு எரிகிறது. நியாயவிலைக் கடைகளில் அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கும் திட்டம் 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கப்பட்டதை அறிவோம். அதேபோல் ஜவ்வாது, கொல்லி, கல்வராயன் மலைகளில் உள்ள உறைவிடப் பள்ளிகள் வாரத்தில் இரண்டு வேளைக்கான சாமை அரிசியை அந்தந்த மலையின் மகளிர் குழுக்களிடமிருந்தே வாங்க வேண்டும் என்று ஓர் அரசாணை பிறப்பித்தால், அரவை நிலையத்துக்கு நிலையான வேலையும் குழுவுக்கு மாத வருமானமும் கிடைக்கும்.

ஐப்பசி அறுவடைக்கு முன்பாகவே சாமையின் கொள்முதல் விலையை அறிவித்து, ஜவ்வாது மலையில் உள்ள ஜமுனாமரத்தூரில் ஒரு கொள்முதல் நிலையத்தையாவது திறக்குமாறு வேளாண்மைத் துறையையும் பழங்குடியினர் நலத்துறையையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அறுவடை முடிந்தபின் அறிவிக்கப்படும் விலை, சாமையை ஏற்கெனவே விற்றுவிட்ட உழவருக்குப் பயன்படாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
போளூர், திருவண்ணாமலை மாவட்டம்.