எஸ்எல்வி-3ஐக் கட்டியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

செயற்கைக்கோளை விண்ணில் வைத்த இந்தியாவின் முதல் ராக்கெட்டான எஸ்எல்வி-3 திட்டத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயா, அம்மா அனைவருக்கும் வணக்கம்.

நான் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் கம்ப்யூட்டரில் (CAD) டிராயிங் போடுகிறவன். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும், நீங்கள் கட்டிய ராக்கெட்டைக் கம்ப்யூட்டரில் மறுபடியும் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆரம்பித்து ஒன்றே கால் வருஷம் ஆகிறது. இப்போது வேலை நின்றுபோயிருக்கிறது. நீங்கள் கை கொடுத்தால்தான் இனி நகரும்.

ஆர்பிட்டர் என்று ஒரு விண்பறப்பு சிமுலேட்டர் இருக்கிறது. மார்ட்டின் ஷ்வைகர் என்பவர் எழுதி 2000இல் வெளியிட்டார், 2021இல் மூலநிரலையும் எல்லோருக்கும் திறந்துவிட்டார். பார்த்தால் விளையாட்டு மாதிரிதான் தெரியும். ஆனால் சுடுவது, பாயிண்ட் சேர்ப்பது எதுவும் அதில் கிடையாது. ஈர்ப்பு, காற்றின் தடை, எரிய எரியக் குறையும் எடை, எல்லாம் நிஜக் கணக்கு. யார் வேண்டுமானாலும் ஒரு விண்கலத்தைச் செய்து ஆட்-ஆனாக, அதாவது கூடுதல் இணைப்பாக, அதில் சேர்க்கலாம்.

அப்போலோவை அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். அதில் ஓடுவது நிலவுக்குப் போன கலத்தின் கணினியில் ஓடிய அதே நிரல். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்ட அந்த நிரலின் அச்சுப்பிரதிகளை யாரோ பத்திரமாக வைத்திருந்தார்கள். அவற்றை ஸ்கேன் செய்து, தன்னார்வலர்கள் வரிவரியாகத் தட்டச்சு செய்து உயிர் கொடுத்தார்கள். அதைப் பார்த்த அன்றுதான் நம் எஸ்எல்வி-3ஐ அதே சிரத்தையோடு செய்ய வேண்டும் என்று தோன்றியது.

என் கையில் இருப்பது கொஞ்சம்தான். 22 மீட்டர் உயரம், 17 டன் எடை, ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து கழலும் நான்கு நிலைகள், நான்கிலும் திட எரிபொருள். முதல் நிலையின் விட்டம் 1 மீட்டர் என்பது தெரியும், அதுதான் என் அடிஸ்கேல். என்னிடம் இருப்பதிலேயே தெளிவான படத்தில் அந்த 1 மீட்டர் 46 புள்ளிகள் அகலம். அதாவது ஒரு புள்ளி 2 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதைவிடச் சின்னதாக இருக்கும் எதுவும் எனக்குத் தெரியாது. அடியில் நான்கு துடுப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் நுனியும் தனியாகத் திரும்பி ராக்கெட்டை நேராக்கும் என்று படித்திருக்கிறேன். அந்த நுனி துடுப்பிலிருந்து எந்த இடத்தில் பிரிகிறது? எத்தனை டிகிரி திரும்பும்? படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் சாம்பல் நிறக் கட்டங்கள்தான் வருகின்றன.

பறக்கவிடுவது இன்னொரு கதை. அது சுமந்துபோன ரோகிணி செயற்கைக்கோளின் பாதை பூமத்திய ரேகைக்கு 44.7 டிகிரி சாய்வு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அந்தச் சாய்வுக்குப் போக இரண்டே திசைகள். வடகிழக்கில் விட்டால் கழன்ற நிலைகள் ஒடிசா, வங்கம் பக்கம் ஊர்கள் மேல் விழக்கூடும். தென்கிழக்கில் விட்டால் இலங்கைக்குக் கிழக்கே முழுக்கக் கடல். சரி, திசை கிடைத்துவிட்டது. ஆனாலும் நாற்பது தடவைக்கு மேல் என் ராக்கெட் வங்கக் கடலில்தான் விழுந்தது.

அப்போதுதான் நீங்கள் செய்த வேலையின் கஷ்டம் எனக்குப் புரிந்தது. திட எரிபொருளைப் பற்றவைத்தால் நடுவில் அணைக்க முடியாது. நான்காம் நிலைக்கோ திசை திருப்பும் வசதியே இல்லை, பம்பரம் போலச் சுழன்றுகொண்டே போக வேண்டியதுதான். பற்றவைக்கும் நொடியில் மூக்கு கொஞ்சம் விலகியிருந்தாலும் பாதையின் தாழ்ந்த முனை காற்று மண்டலத்துக்குள் இறங்கிவிடுகிறது. 1980 ஜூலை 18 அன்று காலையில் 35 கிலோ ரோகிணியை தாழ்ந்த முனை 305, உயர்ந்த முனை 919 கிலோமீட்டர் உயரமுள்ள பாதையில் வைத்தீர்கள். நான் போன மாதம் ஒரு ராத்திரி 290க்கு 1010 வரை வந்து, மனைவியை எழுப்பிக் காட்டினேன். அரைத் தூக்கத்தில் "மேலே போயிடுச்சா?" என்று கேட்டாள். அந்தச் சந்தோஷத்தில் எனக்கு விடியும்வரை தூக்கம் வரவில்லை.

1979 ஆகஸ்ட் 10ஐயும் இதில் சேர்க்கிறேன். இரண்டாம் நிலையின் கட்டுப்பாட்டு அமைப்பில் நைட்ரிக் அமிலம் கசிந்து, ஐந்து நிமிஷத்தில் கடலில் விழுந்த அந்த முதல் ராக்கெட். தயவுசெய்து வருத்தப்படாதீர்கள். ஒரு வருஷத்துக்குள் அதிலிருந்து எப்படி எழுந்தீர்கள் என்பது, விழுந்ததைக் கண்ணால் பார்த்தால்தானே இன்றைய பிள்ளைகளுக்கு விளங்கும்?

உங்களிடம் ரகசியம் எதுவும் கேட்கவில்லை. 1989இல் பறந்த அக்னி ஏவுகணையின் முதல் நிலையே உங்கள் முதல் நிலையிலிருந்து வந்ததுதான், அந்த எல்லை எனக்குத் தெரியும். எரிபொருள் கலவையோ வழிநடத்தும் கணக்கோ எனக்கு வேண்டாம். வீட்டு ஆல்பத்தில் ராக்கெட் பக்கத்தில் நின்று எடுத்த படம் இருந்தால், அதன் பின்னணி போதும். வெப்பக்கவசம் இரண்டாகப் பிரிந்து எந்தப் பக்கம் விழும், நிலைகளுக்கு நடுவிலிருந்த பகுதிக்கு என்ன பெயிண்ட், கவுண்ட்டவுன் சொன்ன குரல் ஆணா பெண்ணா, எந்த மொழியில் சொன்னது? எந்த ஆவணத்திலும் இல்லாமல் உங்கள் ஞாபகத்தில் மட்டும் இருப்பவை இவை. அன்று 25 வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்களே இன்று 70ஐத் தாண்டியிருப்பீர்கள். கலாம் ஐயாவிடம் கேட்கும் வாய்ப்பு 2015லேயே போய்விட்டது. உங்கள் பேரன் பேத்தியிடம் சொன்னால் போனில் பதிவு செய்து போட்டுவிடுவார்கள். யார் சொன்னது என்று ஆட்-ஆனிலேயே உங்கள் பெயரைப் போடுவேன், வேண்டாம் என்றால் போடமாட்டேன்.

ஒரு கேள்வியை மட்டும் இப்போதே கேட்டுவிடுகிறேன். கடைசி இரண்டு நிலைகளின் கூடும் இரும்பு இல்லை, கண்ணாடி நார் சுற்றிச் செய்தது. நான்காம் நிலை தனியாகச் சுழன்றபடி மேலே போனதை எந்தக் கேமராவும் பார்த்ததில்லை. என் ஆட்-ஆனில் அதை அருகில் போய்ப் பார்க்கலாம். அந்தக் கூட்டுக்கு என்ன நிறம்? நார் சுற்றிய தடம் வெளியே தெரியுமா?

அன்புடன்,
கோவையிலிருந்து ஒரு டிராயிங்காரன்